அனுராதபுரச் சந்தியில் பற்றரிக் கடை போடலாமா?

2025 மே 17, காலை

பாலையூற்றிலிருந்து ஒருவர் கேட்டது: “கத்தாரில் இருந்து வந்த என் தம்பி திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் கார் பற்றரிக் கடை போடப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். உலகமே மின்சாரக் காருக்கு மாறுகிறது, ஈயப் பற்றரிக்கு இன்னும் ஐந்து வருஷம்தான், உழைத்த காசைக் கடலில் கொட்டாதே என்கிறேன் நான். யார் சொல்வது சரி?”

தம்பி சொல்வதுதான். மின்சாரக் கார் வந்தால் ஈயத்துக்கு வேலை போய்விடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. நிசான் லீஃப் ஒன்றின் பொனட்டைத் திறந்து பாருங்கள். காரின் அடியில் பெரிய லித்தியம் பற்றரி இருக்கும். முன்னால், சாதாரணக் காரில் இருக்கிற அதே 12 வோல்ட் ஈயப் பற்றரியும் இருக்கும். கதவுப் பூட்டு, லைட், வைப்பர், உள்ளே இருக்கிற கணினி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கிற ரிலே என்ற மின் சுவிட்சை இழுப்பதும் இந்தச் சின்னதுதான். அது இறங்கினால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் அசையாது.

பிறகு நம் வீதியைப் பாருங்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். ஓட்டோ, வான், பட்டா லொறி, உழவு மெசின், எல்லாம் ஈயம். அவை நாளைக்கே எங்கும் போய்விடாது.

கடை எப்படிப்பட்ட கடை என்பதில்தான் எனக்குக் கேள்வி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

2025 மே 17, இரவு

“செத்துவிடும்” என்று இந்தப் பற்றரிக்கு நாள் குறித்தவர்கள் முன்பும் இருந்தார்கள். பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே இதைச் செய்தது 1859 இல். கார்ல் பென்ஸின் கார் வந்தது 1886 இல். அதாவது காருக்கு முன்பே பிறந்த பொருள் இது. 1881 இல் கமில் ஃபோர் தகட்டில் ஈயக் களியைப் பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் தொழிற்சாலையில் அடுக்கடுக்காகச் செய்ய முடிந்தது. அப்போதும் காருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் உயிர் கொடுத்தார்கள். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். சார்ள்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912 இல் கடிலாக் காரில் வந்ததும் ஒவ்வொரு காருக்கும் ஒரு பற்றரி கட்டாயமானது. கார் பற்றரித் தொழில் வளர்ந்த கதை உண்மையில் அந்த ஸ்டார்ட்டரோடுதான் தொடங்குகிறது.

ஓரிரண்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுக்க வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும், செத்த பிறகும் அதற்கு விலை இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்கிற வேறு பொருள் இன்றுவரை பரவலாக வரவில்லை. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

2025 மே 19

கிண்ணியாவில் ஓட்டோ ஓட்டுகிற ஒரு சகோதரர்: “கதையெல்லாம் இருக்கட்டும், எந்தக் கொம்பனி பற்றரி நல்லது? அதைச் சொல்லுங்கோ.”

பெயர்கள் நிறைய, செய்கிறவர்கள் குறைவு. முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்மலானையில் இருக்கிற தொழிற்சாலையில் எக்சைட், லூகாஸ், டாஜனைட் மூன்றும் செய்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு கொல்கத்தாவின் எக்சைட் இன்டஸ்ட்ரீஸிடம் இருக்கிறது. எக்சைட்டுக்கு ஓசூரிலும் ஆலை உண்டு. அமரோன் என்பது திருப்பதிக்குப் பக்கத்துக் கரக்கம்பாடியில் தொடங்கிய அமரராஜாவின் பெயர். 1985 இல் நிறுவிய கொம்பனி, அமெரிக்காவின் ஜோன்சன் கன்ட்ரோல்ஸோடு கூட்டுச் சேர்ந்து தொழில்நுட்பம் கற்று, 2000 இல் அமரோனைக் கொண்டுவந்தது. அந்த ஜோன்சன் கன்ட்ரோல்ஸ் தன் பற்றரிப் பிரிவையே 2019 இல் விற்றுவிட்டது. அது இப்போது கிளாரியோஸ் என்ற பெயரில் இயங்குகிறது, உலகத்திலேயே மிகப் பெரிய கார் பற்றரித் தயாரிப்பாளர் அதுதான். கொரியாவின் ரொக்கெட் என்பது செபாங் நிறுவனத்தின் பெயர். ஜப்பானில் கென்சோ ஷிமாட்சு 1895 இல் ஈயப் பற்றரி செய்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் ஜிஎஸ். அது 2004 இல் யுவாசாவோடு இணைந்து ஜிஎஸ் யுவாசா ஆனது.

இவற்றில் எதுவும் குப்பை இல்லை. நல்ல கொம்பனியின் பற்றரி கடை அலுமாரியில் ஒரு வருஷம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால், அதற்கு அடுத்த தரத்துப் புதுப் பற்றரி அதைவிட நன்றாக உழைக்கும். ஆகவே பெயரைக் கேட்கும் முன் செய்த மாதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரி இலக்கம் அடிக்கும். கடைக்காரருக்கு அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் வேறு கடைக்குப் போங்கள். வாங்கும்போது மீற்றரைப் பிடிக்கச் சொல்லுங்கள்: நிறைந்த பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 காட்டினால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். 12.2 காட்டினால் பாதி இறங்கிய சரக்கு, எடுக்க வேண்டாம்.

2025 மே 19, கொஞ்சம் பிந்தி

ஜப்பான் இலக்கத்தை வாசிக்கும் விதம் கேட்டவருக்கு: 55 பி 24 எல் என்று இருந்தால், 55 என்பது வலுவின் தரம், பி என்பது அகல உயரத்தின் வகுப்பு, 24 என்பது நீளம் சென்ரிமீற்றரில். எல் என்றால், பிளஸ் டெர்மினலுக்குக் கிட்ட இருக்கிற குட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பிளஸ் இடப்பக்கம். ஆர் என்றால் வலப்பக்கம். எல் கேட்ட காருக்கு ஆர் கொண்டுபோனால் வயர் எட்டாது. இழுத்துப் பூட்டப் பார்க்காதீர்கள்.

2025 மே 25

வெயில். நேற்று கச்சான் காற்று அடித்த அடியில் கராஜ் தகரத்துக்குக் கீழே நிற்க முடியவில்லை. இந்த மாதங்களில்தான் நம் பற்றரிகள் சாகின்றன. ஆனால் செத்தது தெரிய வருவது மாரியில்.

ஈயப் பற்றரிக்குப் பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் பொதுவாக வைத்திருக்கிற கணக்கு. மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே நிழலிலேயே 35, 36 பாகை போகும். பொனட்டுக்குக் கீழே கேட்கவே வேண்டாம். தண்ணீர் வற்றுகிறது, பிளஸ் தகட்டின் சட்டம் அரித்துப்போகிறது. ஆனால் இஞ்சின் சூடாக இருக்கிற காலத்தில் ஸ்டார்ட் பண்ண அதிக வலு தேவைப்படாது, எனவே யாருக்கும் தெரியாது. மார்கழி மழையில், விடிய ஐந்து மணிக்கு, மீன் ஏற்றப் போகிற வான் “டிக் டிக்” என்று மட்டும் சொல்லும். “மழை பிடித்துவிட்டது” என்பார்கள். அது வைகாசியில் வாங்கிய அடி.

போன மாரியில் குச்சவெளியிலிருந்து ஒரு வான் வந்தது. வேறொரு இடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்லியிருந்தார்களாம், ஏனென்றால் மீற்றர் 12.4 காட்டியது, பற்றரி நன்றாக இருக்கிறது என்று. நான் ஆறு மூடியையும் கழற்றி, அசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீற்றரை ஒவ்வொரு செல்லிலும் விட்டேன். 1.250, 1.250, 1.245, பிறகு நாலாவதில் மிதவை அடியில் போய்க் குந்திக்கொண்டது: 1.120. மற்ற இரண்டும் சரி. ஒரே ஒரு செல். சும்மா இருக்கும்போது ஆறு செல்லின் கூட்டுத்தொகை நல்ல எண்ணாகத்தான் தெரியும். ஸ்டார்ட்டர் இழுத்தவுடன் அந்த ஒரு செல் கைவிடும். அந்த மனிதருக்கு ஒரு ஸ்டார்ட்டரின் காசு மிஞ்சியது.

தம்பி கடை போட்டால் முதலில் வாங்க வேண்டியது ஹைட்ரோமீற்றரும், பற்றரிக்குப் பாரம் கொடுத்துப் பார்க்கிற லோட் டெஸ்டரும். பெயர்ப்பலகை பிறகு.

2025 மே 26

ஒருவர் திருத்துகிறார்: இப்போது வருவதெல்லாம் மூடி கழற்ற முடியாத சீல் பற்றரி, ஹைட்ரோமீற்றரை எங்கே விடுவது என்று. நியாயம். தகட்டில் அந்திமனிக்குப் பதில் கல்சியம் கலந்ததால் தண்ணீர் குறைவது குறைந்தது, மூடியும் போனது. அதற்கு லோட் டெஸ்டர்தான் வழி. ஆனால் மூடியுள்ளது இன்னும் விற்பனையில் இருக்கிறது. லொறிக்கும் உழவு மெசினுக்கும் நான் இன்றைக்கும் மூடியுள்ளதைத்தான் சொல்வேன், சொந்தக்காரர் மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பார்ப்பார் என்றால். கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. நிலாவெளிப் பக்கத்து உப்புக் கிணறு என்றால் இன்னும் மோசம்.

2025 ஜூன் 1

சேனையூர்க்காரர் ஒருவர் கேட்டார், அந்தக் காலத்தில் மூதூரில் பற்றரி சார்ஜ் பண்ணிய கடை நினைவிருக்கா என்று. அது என் அப்பாவுடையது.

மூதூர் கிழக்கில் அப்போது கரண்ட் இல்லாத ஊர்கள் பல. சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான் பக்கமிருந்து சைக்கிள் கரியரில் ரியூப் போட்டுக் கட்டிக்கொண்டு கார் பற்றரி வரும். டிவி பார்க்க, கலியாண வீட்டுக்கு லைட் போட. யுத்த காலம். காவலரணில் இறக்கிக் காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். வடக்கில் தொண்ணூறுகளில் சாதாரண டோர்ச் பற்றரியே தடைப் பொருள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு பற்றரி என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா பற்றரிகளைத் தொடராக இணைத்து, எல்லா மூடியையும் திறந்துவிட்டு, இரவிரவாகச் சார்ஜ் போடுவார். நிறையும் நேரத்தில் ஒவ்வொரு ஓட்டையிலும் கொப்புளம் எழும். அது ஐதரசன். பீடியோடு யாராவது வாசலில் நின்றால் அப்பா கத்துகிற சத்தம் ஜெற்றி வரை கேட்கும். அசிட் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சாரத்தைத் தோய்த்துக் காயப்போடும்போதுதான் சல்லடை சல்லடையாக ஓட்டை விழும். அம்மா அப்பச்சோடாவைக் கரைத்து ஒரு வாளியில் எப்போதும் வைத்திருப்பார்.

இன்னொன்றும் செய்வார். இனி ஏறாது என்று தெரிந்த பற்றரியைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். ஒரு காசு கொடுத்துத் தானே வைத்துக்கொண்டு, சேர்ந்ததும் நகரத்துக்கு லோஞ்சில் அனுப்புவார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வியாபாரம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பற்றரிகள் ஊருக்குத் திரும்பியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2025 ஜூன் 3

எங்கே போயிருக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

வலைக்கு.

நம் கரையில் வலைக்கு ஈயக்குண்டு வேண்டும். கடையில் வாங்கினால் காசு. செத்த பற்றரி ஒன்றை உடைத்தால் ஈயம் சும்மா கிடைக்கிறது. ஒரு சாதாரணக் கார் பற்றரி பன்னிரண்டு கிலோ அளவில் இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். கோடரியால் பெட்டியை வெட்டி, அசிட்டை மணலில் கவிழ்த்து, தகடுகளைப் பழைய தாச்சியில் போட்டு, வீட்டு அடுப்பிலேயே உருக்குகிறார்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும், விறகு போதும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தாச்சிக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை குந்தியிருந்து, தகட்டிலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறத் தூளில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தது. அந்த விரல் அடுத்ததாகப் போகிற இடம் வாய்.

அந்தத் தூள்தான் ஆகக் கொடியது. உலோக ஈயத்தை விட, தகட்டில் பூசியிருக்கிற ஈய ஒக்சைட்டும் சல்பேட்டும் லேசாகப் பறக்கும், உடம்பில் லேசாக ஏறும். விழுங்கும் ஈயத்தில் வளர்ந்தவரின் உடம்பு எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு சின்னப் பிள்ளையின் உடம்பு எடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது போவது மூளைக்கும் எலும்புக்கும். வெளியே காட்டாது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, குணம் கெட்டுப்போச்சு என்று அடிப்போம்.

செனகலில் டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற இடத்தில் 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பற்றரி ஈயம் கலந்த மண்ணை அரித்தெடுக்கிற வேலை வீட்டு முற்றங்களில் நடந்த ஊர் அது. 2020 இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை உலகத்தில் மூன்றில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில், ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகளில், கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாகச் சொன்னது. கண்டபடி பற்றரி உருக்குவதை அதற்கு ஒரு பெரிய காரணமாக அந்த அறிக்கை காட்டியது.

2025 ஜூன் 4

“நாங்களும் சின்ன வயதில் ஈயக்குண்டு வார்த்தவர்கள்தான், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார் ஒருவர். அண்ணன், உங்களுக்கு என்ன ஆனது, ஆகவில்லை என்று இரத்தத்தைப் பரிசோதித்தால்தான் சொல்லலாம். அது போகட்டும். உங்கள் பேரப்பிள்ளை அந்த முற்றத்தில் தவழ்கிறதா? அந்த மண்ணில் கொட்டிய ஈயம் எங்கும் போகாது. அதை மட்டும் யோசியுங்கள்.

மீன்பிடிக்கிறவர்கள் மேல் கோபமில்லை. டீசல் விலைக்கும் வலை விலைக்கும் நடுவில் நசுங்குகிறவர்கள் அவர்கள். செத்த பற்றரிக்குக் கடையில் நல்ல விலையும், வாங்க ஆயத்தக் குண்டும் பக்கத்திலேயே இருந்தால் யாரும் தாச்சி வைக்க மாட்டார்கள்.

2025 ஜூன் 8

இதைத்தான் முதல் நாளே சொல்ல நினைத்தேன். உலகத்தில் பயன்படுத்துகிற ஈயத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போவது பற்றரிக்கு. அமெரிக்காவில் விற்ற ஈயப் பற்றரியில் ஏறத்தாழ 99 வீதம் திரும்ப ஆலைக்கே வருகிறது. புதுப் பற்றரியில் இருக்கிற ஈயத்தின் பெரும்பகுதி பழைய பற்றரி. அமரராஜாகூட ஈயத்தை மீட்கத் தமிழ்நாட்டில் செய்யாறில் தனி ஆலை கட்டியிருக்கிறது. திரும்பி வரும் ஈயம் இல்லாமல் அந்தத் தொழில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெருகியிருக்காது.

ஆனால் திரும்பி வருகிற வழி ஒழுங்காக மூடியிருக்க வேண்டும். பழைய இரும்பு லொறிக்காரர் அசிட்டை ஊற்றிவிட்டுத்தான் நிறுப்பார், பாரம் குறையட்டும் என்று. அந்த அசிட்டோடு ஈயமும் வடிகானுக்குள் போகிறது. கான் போய்ச் சேர்வது கடலுக்கு. கழிவு ஈயப் பற்றரியைச் சேர்த்து வைக்கவும் ஏற்றி அனுப்பவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். பெரிய கொம்பனிகளின் முகவர்கள் பழையதை எடுத்துக்கொண்டு புதியதில் விலை குறைக்கிறார்கள். அசிட்டோடு, உடைக்காமல், நிமிர்த்தி வைத்து எடுக்கிற முகவராகத் தம்பி இருக்க வேண்டும். அப்படி ஒரு கடை சந்தியில் இருந்தால் நானே என் கராஜில் சேர்கிற எல்லாவற்றையும் அங்கே கொடுப்பேன்.

2025 ஜூன் 14

அக்வாக்காரர்கள் காத்திருக்கிறீர்கள், தெரியும்.

டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரில் (முதல் மாடல்) இரண்டு பற்றரி. பெரியது நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்: 7.2 வோல்ட் தொகுதி இருபது, மொத்தம் 144 வோல்ட். பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிராக்கக் காற்று போகிற வழி பின் சீட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி வலை. அந்த வலையில் சாமான் பையைச் சாத்தி வைப்பதும், தூசு அடைக்க விடுவதும்தான் இங்கே அக்வா பற்றரியைக் கொல்கிறது. சில மாதத்துக்கு முன் ஒன்றைத் திறந்தேன்: விசிறியின் ஒவ்வொரு இதழிலும் மணலும் நாய் மயிரும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. நிலாவெளிக் கடற்கரைக்கு வாரா வாரம் நாயோடு போகிற குடும்பம். துடைத்துப் பூட்டியதும் விசிறிச் சத்தமே மாறியது.

ஒரு தொகுதி செத்ததும் அதை மட்டும் மாற்றுவது பற்றி: கொஞ்ச நாளைக்கு ஓடும். பழைய பத்தொன்பதோடு புதிய ஒன்று சமமாக ஏறி இறங்காது, அடுத்ததைக் கொல்லும். என் மைத்துனர் தெற்கில் ஓரிடத்தில் “புதுப்பித்த” பற்றரி போட்டு வந்தார், பெயர் வேண்டாம். கந்தளாய் தாண்டவில்லை, சிவப்பு முக்கோணம் எரிந்தது. புதுப்பிக்கிறவர் இருபது தொகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி அளந்த தாளைக் காட்டினால் நம்பலாம். தாள் இல்லையென்றால் காசைக் கொடுக்க வேண்டாம். நீங்களே கழற்றவும் வேண்டாம். செம்மஞ்சள் வயர் ஆளைக் கொல்லும்.

சின்னது எஸ் 34 பி 20 ஆர். அதுவும் காருக்குள்ளேயே இருப்பதால் வாயு வெளியேறக் குழாய் பூட்டுகிற வகை. அந்தக் குழாயை மறந்துவிட்டுச் சாதாரண பற்றரியை வைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. பின் சீட்டில் இருக்கிறவர் யார் என்று யோசியுங்கள்.

2025 ஜூன் 22

லித்தியத்துக்கு வருவோம், பாலையூற்று அண்ணன் விடமாட்டேன் என்கிறார்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. 1991 இல் சோனி முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது லித்தியம் அயன் பற்றரி சின்னக் கையடக்கக் கருவிகளுக்குத்தான். 2010 அளவில் காருக்கான பற்றரி கிலோவாட் மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேல். 2024 இல் சராசரி 115 டொலர். நம் தலைமுறையில் இப்படி விலை விழுந்த பொருள் வேறு எத்தனை? 2024 இல் உலகத்தில் விற்ற கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரத்தில் ஏற்றுகிற கார். சீனாவில் நிங்தே என்ற கடற்கரை ஊரில் 2011 இல் தொடங்கிய சிஏடிஎல் இன்று உலக மின்வாகனப் பற்றரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்கிறது. இரண்டாவது பீவைடி, 1995 இல் ஷென்செனில் தொடங்கி, கைபேசிப் பற்றரி செய்து வளர்ந்து, பிறகு கார் செய்யப் போனது. இந்த இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல்.

முதல் நாள் லீஃபைச் சொன்னேன். அதன் அடியில் இருக்கிற பெரியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014, 15 இல் இங்கே வந்த 24 கிலோவாட் மணி லீஃப்களுக்குப் பற்றரியைக் குளிராக்கும் ஏற்பாடு இல்லை. புதிதாக இருந்தபோதே 120, 130 கிலோமீற்றர்தான் ஓடும். திருகோணமலையிலிருந்து ஹபரணை சுமார் 85. கச்சான் வெயிலில் சில வருஷம் நின்ற லீஃப் ஹபரணைக்கே மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு “மின்சாரக் கார் நமக்குச் சரிவராது” என்று நானும் கொஞ்ச காலம் எண்ணியிருந்தேன். இப்போது வருகிறவற்றில் பல லித்தியம் இரும்பு பாஸ்பேட், குளிராக்கும் திரவம் ஓடுகிறது, சூட்டை நன்றாகத் தாங்கும். அந்த எண்ணம் எனக்கு இப்போது இல்லை. பீவைடி தன் பல மாடல்களில் அந்தச் சின்ன 12 வோல்ட்டையும் லித்தியத்திலேயே வைக்கிறது. அதனால் அண்ணனின் ஐந்து வருஷம் பதினைந்து இருபது ஆகலாம், ஆனால் திசை அவர் சொன்னதுதான்.

இரவில் யோசித்தால் என்னைக் கலக்குவது வேறு. இரும்பு பாஸ்பேட் பற்றரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. மலிவுக்குக் காரணமே அதுதான். அப்படியென்றால் செத்த பிறகு அதை யார் காசு கொடுத்து வாங்குவார்? ஈயத்துக்கு விலை இருப்பதால் பழைய இரும்பு லொறி வீடு தேடி வருகிறது. விலை இல்லாத பற்றரியைத் தேடி யார் வருவார்? 2025 ஏப்ரலில் சிஏடிஎல் தன் புதிய சோடியம் பற்றரியை அறிவித்தது. அதில் விலைபோகிற உலோகம் இன்னும் குறைவு. ஒரு மின்சாரக் காரின் பற்றரி நூற்றுக்கணக்கான கிலோ, உள்ளே மீதி மின்சாரம், உடைத்தால் தீ. கன்னியா வீதியோரக் காட்டுக்குள் அதைக் கொண்டுபோய்த் தள்ளுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கார் இறக்குகிறவரே பற்றரியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும், கார்கள் புதிதாக இருக்கும்போதே.

2025 ஜூன் 24

“பென்சில்கரி நம்மிடம், புல்மோட்டை மணல் நம்மிடம், பற்றரித் தொழிற்சாலையை இங்கேயே போடலாமே” என்கிறார் குச்சவெளித் தம்பி.

ஆசை நல்ல ஆசை. லித்தியம் பற்றரியின் மைனஸ் பக்கம் பென்சில்கரிதான் (கிராஃபைட்), போகலவிலும் கஹட்டகஹவிலும் கிடைப்பது உலகத்திலேயே தூய்மையான வகை. ஆனால் தோண்டியதை அப்படியே போட முடியாது; மிக நுண்ணிய உருண்டைகளாக்கி, சுத்தம் செய்து, மேலே பூச்சுப் போட வேண்டும். பற்றரித் தரத்துப் பென்சில்கரியில் 90 வீதத்துக்கு மேல் அந்த வேலை நடப்பது சீனாவில். புல்மோட்டையில் எடுப்பது இல்மனைற், ரூட்டைல், சர்க்கோன். முதல் இரண்டும் தைட்டானியம் உள்ள கனிமங்கள். தைட்டானியம் சேர்ந்த ஒரு வகைப் பற்றரியைத் தோஷிபா செய்கிறது, வேகமாக ஏறும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கார்ச் சந்தையில் அதன் பங்கு சின்னது. மணலை மணலாகவே கப்பலில் ஏற்றுகிற நாடு முதலில் அதைப் பதப்படுத்தப் பழக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே விஞ்ஞானம் படிக்கிற ஒரு பிள்ளை இதை எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

2025 ஜூலை 2

சம்பூர். நிலக்கரி அனல்மின் நிலையம் வரும் என்று வருஷக்கணக்காகப் பேசி, 2016 இல் கைவிட்டார்கள். அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டுவதாக முடிவானது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கட்டும் வேலையைத் தொடக்கி வைத்தார்கள்.

சூரிய மின்சாரம் பகலில் வரும், சனம் லைட் போடுவது இரவில். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது நினைவிருக்கும். தேவை குறைந்த ஞாயிறு, வெயில் மின்சாரம் நிறைய, வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கப் போதிய வலு இல்லை. அந்த வருஷச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியப் பலகைகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பெரிய பற்றரிகள் இருந்தால் அப்படிக் கேட்க வேண்டி வந்திருக்காது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற மாவட்டத்தில், அடுத்து வர வேண்டிய சேமிப்பு இதுதான். சம்பூருக்கு அதை வலியுறுத்துங்கள். அப்பாவிடம் சைக்கிளில் பற்றரி கொண்டுவந்த ஊர் அது, என்னால் அதை மறக்க முடியாது.

2025 ஜூலை 9

உப்புவெளியில் மீன்பிடிக்கிற சிலரோடு பேசினேன். செத்த பற்றரியை முழுதாகக் கொடுத்தால் பதிலுக்கு ஆயத்த ஈயக்குண்டு, மிச்சத்துக்குக் காசு. அப்படி யாராவது தந்தால் உருக்க மாட்டோம் என்கிறார்கள். நிறுக்கிற தராசு தங்கள் முன்னால் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நியாயமான நிபந்தனை. தம்பி நேற்று கராஜுக்கு வந்திருந்தார், அவரிடமும் சொன்னேன். உரிமத்துக்கு என்ன என்ன வேண்டும் என்று விசாரிக்கப் போயிருக்கிறார்.

2025 ஜூலை 10

பழைய பற்றரியை ஓட்டோவில் ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: ஏற்றலாம், ஆட்களோடு வேண்டாம். நிமிர்த்தி வையுங்கள், மூடி எல்லாம் இறுக்கமா பாருங்கள், இரண்டு டெர்மினலிலும் டேப் சுற்றுங்கள். கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டம். வெடித்த பெட்டி என்றால் தட்டத்தோடு தடித்த உரப்பையும் போடுங்கள். இறக்கியதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.